பதினைந்து எழுத்தில் ஏழு

எனக்குப் பேச வராது. நாக்கில் குறை ஒன்றும் இல்லை. நாலு பேர் பார்த்தால் சொல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அந்த மூன்று வருஷத்தில் வாத்தியார் கேட்ட கேள்வி எதற்கும் வாய்விட்டுப் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை. சிலேட்டில் எழுதிக் காட்டுவேன்.

அப்படிப்பட்டவளுக்கு, இந்த வயதிலும், கை சும்மா இருந்தால் நாக்கு நுனியில் வந்து நிற்பது ஒரு பாதிச் சொல். லுப்ஸ்டே. டென்மார்க்காரர் பாஷை அது. முழுச் சொல்லுக்குப் பதினைந்து எழுத்து. எட்டு இன்னொருத்தியுடையது, ஏழு என்னுடையது.

யுத்தம் வருவதற்கு முந்தி பூந்தமல்லியில் ஒரு துரைசானி தையல் வகுப்பு நடத்திவந்தார். டென்மார்க்கிலிருந்து வந்தவர். எங்கள் ஊர் சென்னீர்குப்பம், அங்கிருந்து நடந்து போகும் தூரம். அப்பாவின் காலில் ஆறாமல் கிடந்த புண் ஒன்று அந்தத் துரைசானி கொடுத்த மருந்தில்தான் ஆறியது. பிறகு அவர் வந்து, "உங்கள் மகளைத் தையலுக்கு அனுப்புங்கள்" என்று கேட்டபோது அப்பாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. திங்கள், புதன், வெள்ளி மத்தியானங்களில் போய்வர ஒத்துக்கொண்டார். அம்மா ஒரு நிபந்தனை போட்டாள். அங்கே எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். அதனால் திரும்பி வந்ததும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, கட்டியிருந்ததை நனைத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். நானும் அப்படியே செய்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் எங்கள் நிலத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண். சேரியிலிருந்து வருவாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். வயலில் என்னைப் பார்த்தால் "பாப்பா" என்பாள். வகுப்புக்குப் போகும்போது நானும், மல்லிகை விற்கப் போகும் பூக்காரம்மாவும் முன்னால் நடக்க, அவள் ரோட்டில் பத்தடி தள்ளிப் பின்னால் வருவாள். தையல் அறையின் படியைத் தாண்டினதும் "நவுருமே" என்று என்னை இடித்துக்கொண்டு உட்காருவாள். அங்கே நான் பாப்பா இல்லை. என் பங்குப் பேச்சையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

எங்களுக்குக் கொடுத்த வேலை, கட்டம் கட்டமாக நெய்த துணியில் சிவப்பு நூலால் எழுத்துத் தைப்பது. கட்டத்தை எண்ணி, குறுக்கும் நெடுக்குமாக ஊசி ஓட்டினால் எழுத்து எழும்பி வரும். துரைசானியின் ஊரில் கைத்துண்டின் மேலேயே கைத்துண்டு என்று தைத்து மாட்டுவார்களாம். இதைக் கேட்டதும் என் பக்கத்திலிருந்தவள், "ஏன், எழுதிக்கினாத்தான் தெரியுமா அவங்களுக்கு? நம்ம எருமை மேல எருமைன்னு எழுதி உட்ட மாதிரி கீது" என்றாள். துரைசானி எங்கள் பேச்சு முழுதும் புரியாவிட்டாலும் சிரித்தார். அவர் தமிழ் புத்தகத் தமிழ்.

அந்த ஊர்ச் சொற்கள் நீளமானவை. இரண்டு மூன்று சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டி ஒரே சொல்லாக்கிவிடுவார்கள். கைக்குட்டைக்கு அவர்கள் சொல், லொம்மெதெர்க்லெதெ. லொம்மெ என்றால் சட்டைப்பை, தெர் என்றால் உலர்ந்த, க்லெதெ என்றால் துணி. வண்ணத்துப்பூச்சியைக் கோடைப் பறவை என்பார்கள். அடுக்கிக்கொண்டே போவதால் சொல் துணியின் ஓரத்தைத் தாண்டிவிடும். தாண்டினால் நினைத்த இடத்தில் உடைக்கக் கூடாது. அதற்காகத் துரைசானி ஒரு வழி வைத்திருந்தார். ஊசியைத் தொடும் முன் எல்லோரும் சொல்லை அசை அசையாகச் சொல்லிக் கை தட்ட வேண்டும். லொம். மெ. தெர். க்லெ. தெ. ஐந்து தட்டு. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவேதான் உடைக்கலாம். ஒரு தட்டின் உள்ளே கத்தரி போகக் கூடாது.

ஒட்டும் இடத்தில் சில சமயம் ஓர் எழுத்து கூடுதலாக வந்து நிற்கும். அது எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. துரைசானி கேட்டார், "கத்தரி, காய். இரண்டையும் சேர்த்தால் நடுவில் ஒரு 'க்' வருகிறதே, அது யாருடையது?"

"சமைக்கிறவங்களுது" என்றாள் என் பக்கத்திலிருந்தவள்.

அறையே சிரித்தது. "முன்னால் இருப்பதோடு அதை விட்டுவிடுங்கள்" என்றார் துரைசானி.

எனக்கு வாய் வராது என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். சொல்ல வேண்டாம், தட்டினால் போதும் என்று விட்டுவிட்டார். தட்டுவதில் நான் தவறியதே இல்லை. எங்கே மூச்சு விழுகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். இருந்தும் ஒரு வருஷத்துக்கு மேல் எனக்கு ஓரம் மடித்துத் தைக்கும் வேலைதான் கிடைத்தது. டென்மார்க்குக்குப் போன எந்தத் துணியிலும் நான் தைத்த எழுத்து இல்லை. கேட்க வாய் இல்லாதவளுக்கு யார் கொடுப்பார்கள்?

ஒரு நாள் துரைசானி ஒரு கட்டம் போட்ட தாளை விரித்தார். அவருடைய அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறையப் போகிறதாம். பொன், கல்யாணம், நாள் என்ற மூன்றையும் ஒட்டி ஒரு சொல். அதை நீளமான மேஜைத் துணியில் தைத்து அனுப்ப வேண்டும். இன்னொரு துரைசானி, நர்ஸ் வேலை பார்த்தவர், ஊருக்குத் திரும்பிப் போகிறார். அவர் கையில் கொடுத்தால்தான் அந்த நாளுக்குள் போய்ச் சேரும். எங்களிடம் இருந்த துணி அகலம் போதாது. இரண்டு துண்டில் தைத்து நடுவே மூட்ட வேண்டும்.

சொல்லைத் தட்டினோம். குல். ப்ரில். லுப்ஸ். டே. நாலு தட்டு.

பொன் ஒரு துண்டு, மீதி ஒரு துண்டு என்று வைத்தால் ஒருத்திக்கு நாலு எழுத்து, இன்னொருத்திக்குப் பதினொன்று. துரைசானி தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். கடைசியில் இரண்டு தட்டு, இரண்டு தட்டு என்று பிரித்தார். கல்யாணம் நடுவில் உடைந்தது. முதல் பாதியை என் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தார். இரண்டாவதை என் மடியில் வைத்தார்.

"கையில் சரியாகத் தட்டுகிறவளுக்கு" என்றார்.

என் பாதிக்கு அர்த்தமே கிடையாது. கல்யாணத்தின் வாலும் நாளும். எல், யு, பி, எஸ், டி, ஏ, ஜி. அந்தக் கடைசி ஜியை எழுதத்தான் வேண்டும், வாயில் சொல்லமாட்டார்கள். மூட்டும் இடத்தில் இரண்டு எல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது. மூட்டுவதற்கு இரண்டு பேரும் ஓரத்தில் பன்னிரண்டு கட்டம் வெறுமையாக விட வேண்டும் என்றார். வீட்டில் வைத்துத் தைக்கலாம் என்றும் சொன்னார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாட்டுக்கொட்டகை ஓரம் உட்கார்ந்து எஸ்ஸின் கடைசி வளைவில் இருந்தேன். அன்றைக்குத்தான் நான் பெரியவளானேன்.

அதற்குப் பிறகு எல்லாம் அவசரம். அம்மா கத்தினாள், அழுதாள், சிரித்தாள். மாமா பச்சைத் தென்னங்கீற்று வெட்டி வந்து வீட்டுக்குப் பின்னால், கிணற்றுக்கும் வயலுக்கும் நடுவே குடிசை கட்டினார். எனக்கென்று ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. யாரும் என்னைத் தொடக் கூடாது. நான் தொட்டது எதுவும் வீட்டுக்குள் போகக் கூடாது. மேஜைத் துணி என் கையிலேயே இருந்தது.

"அதையும் அங்கியே வெச்சுக்க" என்றாள் அம்மா, தூரத்தில் நின்றபடி. "ஊட்டுக்குள்ள எடுத்தாராத. பதினோராம் நாள் குடிசையோட சேர்ந்து எரிஞ்சுடும்."

"இது துரைசானியம்மாது" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"இன்னாது?"

துணியைச் சுருட்டிக்கொண்டு குடிசைக்குள் குனிந்தேன்.

விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். நர்ஸ் துரைசானி புறப்படுவது பத்தாம் நாள், வியாழக்கிழமை. குடிசை எரிவது வெள்ளி. இனி என்னைத் தையலுக்கு அனுப்பமாட்டார்கள் என்பதும் தெரியும். யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. இனி தைக்க எனக்கு இன்னொரு சொல் வராது. இருப்பது இந்த ஏழு எழுத்துதான். அதில் நாலு முடிந்திருக்கிறது.

குடிசைக்குள் இருப்புக் கொள்ளவில்லை. கால் தானாக ஆடும். எழுந்தால் தலை கீற்றில் இடிக்கும், உட்கார்ந்தால் முட்டி வலிக்கும். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் அம்மா எட்டி வைத்துவிட்டுப் போவாள். உள்ளே போகாது. கீற்று இடுக்கில் வெயில் நகருவதைப் பார்ப்பேன். லுப்ஸ், டே. தொடையில் தட்டிக்கொள்வேன். லுப்ஸ், டே. சிவப்பு நூல் டி எழுத்தின் பாதியில் தீர்ந்துபோயிற்று. ஊசி மட்டும் கையில். அதற்குப் பிறகு இன்னும் மோசம்.

இன்னொன்றும் அரித்தது. ஓரத்தில் விட்ட கட்டத்தை எண்ணினால் ஒரு தரம் பன்னிரண்டு வந்தது, ஒரு தரம் பத்து. கீற்று நிழல் துணியில் விழுந்து ஆடிக்கொண்டே இருந்தது. கண் தப்புகிறதா, கை தப்பிற்றா என்று தெரியவில்லை. ஓரத்து எல் எழுத்தை முதலிலேயே தைத்தாகிவிட்டது. பிரிக்கலாம் என்றால் திருப்பித் தைக்க நூல் ஏது?

சனிக்கிழமை, தையலில் என் பக்கத்தில் உட்காருகிறவள் வரப்பில் நின்று குரல் கொடுத்தாள். "யம்மோவ்! துரைசானியம்மா கேட்டு உட்டாங்க. பாப்பா ஏன் வரலன்னு. துணி கேட்டாங்க."

"பாப்பா வயசுக்கு வந்துட்டா. இனிமே வராதுன்னு சொல்லு" என்றாள் அம்மா கிணற்றடியிலிருந்து. "துணியும் இல்ல, கிணியும் இல்ல. தீட்டாயிடுச்சு."

"அவங்களுக்குத் தீட்டெல்லாம் கெடையாதும்மா."

"நமக்குக் கீதில்ல? போ, போய் வேலையப் பாரு."

அவள் போய்விட்டாள். நான் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். சொம்பைத் தரையில் தட்டியிருக்கலாம். அதுகூடத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுதும் அந்தச் சொம்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை எங்கள் வயலில் களையெடுப்பு. உச்சி வெயிலில் எல்லோரும் மரத்தடியில் கூழ் குடிக்கப் போன நேரம். குடிசையின் வயல் பக்கத்துக் கீற்று அசைந்தது.

"இன்னாமே, கீறியா?"

"கீறேன்" என்றேன். அந்த வாரத்தில் இன்னொருத்தர் காதில் விழ நான் பேசிய முதல் முழுச் சொல் அதுதான்.

"எத்தினி எழுத்து ஆச்சு?"

"நாலரை. நூல் ஆயிடுச்சு."

"அதான பாத்தேன். அளந்து குடுத்த நூலு உனக்கு மட்டும் எங்க பத்தப் போவுது, நீதான் பிரிச்சிப் பிரிச்சித் தைப்பியே." இடுப்பு முடிச்சை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. "இந்தா, என்துல மீந்தது."

கீற்று இடுக்கு வழியாக அவள் விரல் உள்ளே வந்தது. விரல் நுனியில் சிவப்பு நூல். நான் கையை நீட்டாமல் இருந்தேன். பழக்கம். அவளுக்கு அது புரிந்துவிட்டது.

"அட, வாங்குமே" என்றாள் சிரித்துக்கொண்டே. "இன்னிக்கி நீ என்னத் தொட்டா, நாந்தான் போயி தலைக்கு ஊத்திக்கணும்."

வகுப்பு விட்டு வந்ததும் கிணற்றடியில் நான் குளித்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வரப்பு வழியாகப் போகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு வருஷம் பத்தடி பின்னால் நடந்து, நான் தலைக்கு ஊற்றிக்கொள்வதைப் பார்த்தபடியே வீட்டுக்குப் போயிருக்கிறாள். அடுத்த வகுப்பில் வந்து என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் முகம் சுட்டது. நூலை வாங்கிக்கொண்டேன். விரல் பட்டது.

"கடைசி எழுத்த உட்டுட்டா?" என்று கேட்டேன். "அது வாயில வராத எழுத்துதானே? நேரம் இல்ல."

"வாய் வராதுன்னா உட்டுடறதா? உனக்குந்தான் வாய் வரல. உன்ன உட்டுட்டா போனேன்?" என்றாள். "பொதங்கெழம வகுப்புக்குப் போற வழில வருவேன். முடிச்சு வெய்யி. நாந்தான் எடுத்தும் போவேன், வேற யாரு தொடுவாங்க உன்ன?"

மரத்தடியில் யாரோ அவளைத் தேடிக் கத்தினார்கள். "வந்துகினே கீறேன்!" என்று அங்கே பதில் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

டி முடிந்தது. ஏ முடிந்தது. அவசரத்தில் ஏயின் ஒரு கால் கொஞ்சம் தடித்துவிட்டது. புதன்கிழமை காலையில் ஜியைத் தொடங்கினேன். அம்மா அன்றைக்கென்று அடிக்கடி வந்தாள். புடவைக்காரன் வந்திருக்கிறான், சிவப்பா பச்சையா என்று கேட்டாள். மாமா வீட்டார் எத்தனை பேர் வருவார்கள் என்று எனக்குச் சொன்னாள். அவள் வரும்போதெல்லாம் துணியைப் பாய்க்குக் கீழே தள்ளுவேன். எண்ணிய கட்டம் மறந்துபோகும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். வெயில் தலைக்கு மேல் வந்தது. ஜியின் உள்ளே மடங்கும் அந்தச் சின்னக் கொக்கி மட்டும் பாக்கி.

கீற்று அசைந்தது. "குடு."

"இன்னும் நாலு தையல்."

"பூக்காரம்மா முன்னாடி பூட்டாங்க. சீக்கிரம்மே."

பல்லால் நூலைக் கடித்து அறுத்தேன். துணியைச் சுருட்டி இடுக்கு வழியாகத் தள்ளினேன். அது கீற்றில் மாட்டிக்கொண்டது. அவள் அந்தப் பக்கமிருந்து இழுத்தாள், நான் இந்தப் பக்கமிருந்து தள்ளினேன். கொஞ்ச நேரம் துணி எங்கள் இரண்டு பேர் கையிலும் இருந்தது. அப்புறம் என் கை காலியாயிற்று.

"ஓரத்துல பன்னெண்டு கட்டம் கீதா பாரு" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் அதுவரை பேசியதே இல்லை. அவள் அதற்குள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை முழுதும் ரோட்டுப் பக்கம் காதை வைத்திருந்தேன். ஜட்கா போனால் அதுதானா என்று நினைப்பேன், மாட்டு வண்டி போனால் அதுவா என்று. நர்ஸ் துரைசானி எந்த வண்டியில் போனார், துணியோடு போனாரா, எனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் நீர் ஊற்றி என்னை வெளியே கொண்டுவந்தார்கள். குடிசையைக் கொளுத்துவதற்கு முன் அம்மா எட்ட நின்று கேட்டாள். "பாய் கீது, தட்டு கீது. அந்தத் துணி எங்கடி?"

நான் தரையைப் பார்த்தேன். பேசாதவளிடமிருந்து பதில் வராதது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. "பாய்க்குள்ள சுருட்டி வெச்சிருப்பா" என்று அவளே சொல்லிக்கொண்டாள். பச்சைக் கீற்று லேசில் பிடிக்கவில்லை, புகைந்தது. மாமா வைக்கோல் போட்டார். புகையில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டதால் நான் அழுததும் தெரியவில்லை. எதற்கு அழுதேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த இடுக்கு எரிந்துபோயிற்று, அதற்காக இருக்கலாம்.

இப்போது நான் சுத்தம். வீட்டுக்குள் இருந்தேன். அவள் கொல்லைப் பக்கம் வர முடியாது, நான் வயலுக்குப் போகக் கூடாது. சனி, ஞாயிறு எப்படிப் போயின என்று தெரியவில்லை. எதைத் தொட்டாலும் கீழே போட்டேன். கைக்கு வேலை வேண்டும் என்று அம்மா உலக்கையைக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை கிணற்றுக்கு அந்தப் பக்கத்து வயலில் களையெடுத்தார்கள். நான் கொல்லைக் கதவை ஒருக்களித்து வைத்து, உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தேன். அம்மா முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வயலிலிருந்து என் தையல் கூட்டாளியின் குரல் எழும்பியது. பக்கத்தில் களையெடுத்த பெண்ணிடம் சொல்வதுபோல, ஆனால் சேரி வரைக்கும் கேட்கும்படி.

"துணி கப்பலேறிப் போயிடுச்சாம் அக்கா! ஒரு பக்கம் ரெண்டு கட்டம் கொறஞ்சுபோச்சாம். துரைசானியம்மா இஸ்து வெச்சு மூட்டிட்டாங்க. நடுவுல கொஞ்சம் சுருங்கிக்கினு கீது. எங்க ஊர்ல யாரும் எண்ணமாட்டாங்கன்னாங்க."

"எந்தத் துணிடி?" என்றாள் அந்தப் பெண்.

"நீ களையப் புடுங்குக்கா."

பத்துதான் விட்டிருக்கிறேன். பன்னிரண்டு இல்லை. ஆனாலும் போய்விட்டது.

உலக்கையை நிறுத்தினேன். வயலிலிருந்து கை தட்டும் சத்தம் வந்தது. இரண்டு தட்டு. குல், ப்ரில். அவளுடைய பாதி. அதோடு நின்றுவிட்டது. பறவை விரட்டுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் காத்திருந்தேன், மேலே வரவில்லை. மறுபடியும் இரண்டு. மறுபடியும் நின்றாள்.

குத்திய நெல்லை அம்மா அள்ளி முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள், உரல் காலி. கை தட்டினால் புது வளையல் எல்லாம் சத்தம் போடும். நான் உலக்கையைத் தூக்கி வெறும் உரலில் போட்டேன். ஒன்று. இன்னொன்று.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி, ஒண்ணுமே இல்லாத உரலக் குத்தறே?"

வயலில் யாரோ பெரிதாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. நெல்லை அள்ளி உரலில் போட்டேன்.